காக்கும் படையே தாக்கினால்?

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி! ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். தினம் ஓர் ஊசி. தர்ம ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. நாய்க்கடியைவிட ஊசியே கொடுமை என்று அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அந்த மருந்து எதிலிருந்து தயாரானது என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டு மூளையிலிருந்து! வெறிநாய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, ரசாயனம் சேர்த்துக் கொன்று, மூளை கரைந்த அந்தத் திரவத்தையே ஊசியில் ஏற்றினார்கள். இமயமலைப் பக்கம் கசௌலி என்ற ஊரில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் 1911-ம் ஆண்டு இந்த முறையை வகுத்தார். நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இது தயாரானது. லட்சக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியது.

ஆனால், ஊசி போட்டுக் கொண்டவர்களில் மிகச் சிலருக்கு வேறொரு விபரீதம் நேர்ந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கால் மரத்துப் போகும். சிறுநீர் கட்டும். சிலருக்குக் கண்பார்வை மங்கும். வெறிநாய்க் கிருமிதான் காரணமோ என்றால், அது முன்பே செத்துவிட்டது. பின் எது?

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்ற விஞ்ஞானி 1930-களில் இதற்கு விடை கண்டார். கிருமி எதுவும் கலக்காத, வெறும் முயல் மூளையைக் கரைத்துக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டார். சில குரங்குகளுக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. அவற்றின் மூளையை அறுத்துப் பார்த்தபோது, நரம்பின் மேலுறை ஆங்காங்கே உரிந்து கிடந்தது.

அதாவது, உள்ளே வந்த அயல் மூளையைப் பகைவன் என்று குரங்கின் உடல் நினைத்தது. அதை எதிர்க்கப் படை திரட்டியது. திரண்ட படைக்கு முயலின் நரம்பு எது, சொந்த நரம்பு எது என்று பேதம் தெரியவில்லை. வீட்டுக் காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரனையே கடித்த கதை!

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற வியாதியைப் பற்றி இன்று டாக்டர்கள் சொல்லும் பல விளக்கங்களுக்கும், கொடுக்கும் பல மருந்துகளுக்கும் ஆரம்பம் இந்தக் குரங்குகள்தான்.

கம்பியும் உறையும்

வீட்டில் ஓடும் மின்சாரக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறது அல்லவா? அதுபோல மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் மேல் மைலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை இருந்தால்தான் மூளையின் கட்டளை வேகமாகப் போய்ச் சேரும். உறை உரிந்தால் செய்தி தடுமாறும். சில சமயம் நின்றே போகும். உரிந்த இடம் பிறகு தழும்பேறி இறுகும். "பல இடங்களில் இறுக்கம்" என்பதுதான் வியாதியின் பெயருக்குப் பொருள். பாரிஸ் நகர டாக்டர் ஷார்கோ 1868-ம் ஆண்டு இதைத் தனி வியாதி என்று பிரித்துக் காட்டினார்.

வியாதி வரும் விதம் விசித்திரமானது. ஒரு நாள் காலையில் எழுந்தால் ஒரு கண் மட்டும் மங்கலாகத் தெரியும், அசைத்தால் வலிக்கும். சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகிவிடும். ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்துக் கால் மரக்கும், நடை தள்ளாடும். தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். வெந்நீரில் குளித்தாலோ, வெயிலில் ரயில் நிலையத்துக்கு நடந்தாலோ தொல்லை கூடும். உடம்பு குளிர்ந்தால் குறையும். இப்படி வந்தும் போயும் இருப்பதால் கண் டாக்டர், எலும்பு டாக்டர், மாந்திரீகர் என்று அலைந்து, கடைசியில்தான் பலர் நரம்பு டாக்டரிடம் வருகிறார்கள்.

20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக 2020-ல் கணக்கிட்டார்கள். குளிர் நாடுகளில் அதிகம், நம் நாட்டில் குறைவு. ஆனாலும் பம்பாய்ப் பார்சிகளிடம் மற்றவர்களைவிட மிகுதி என்று 1980-களில் அந்த நகரத்து டாக்டர்களே ஆராய்ந்து எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் வசதி பெருகிய பிறகு, "இந்தியாவில் இது அபூர்வம்" என்ற பழைய பேச்சு அடங்கிவிட்டது.

வேலைக்குப் போகும் வயதில் பிடிக்கும் வியாதி என்பதால் இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால், அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று அச்சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. பார்த்த வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். இது தெரியாமல் ராஜிநாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

தப்பிய கணக்கு

படைதான் குற்றவாளி என்று தெரிந்தது. படையில் எந்தச் சிப்பாய்?

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் டி என்றும் பி என்றும் இரண்டு வகை உண்டு. டி அணுக்கள் நேரில் போய்த் தாக்கும். பி அணுக்கள் எதிர்ப்பொருள் என்ற ரசாயன அம்புகளைத் தயாரிக்கும். பல ஆண்டுகள் எல்லாருடைய சந்தேகமும் டி அணுக்கள் மேலேயே இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்து எலிகளில், நோயுற்ற எலியின் டி அணுக்களை எடுத்து நல்ல எலிக்குச் செலுத்தினால் அதற்கும் வியாதி வந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நினைத்தார்கள்.

இன்னொரு கட்சியும் இருந்தது. ஏதோ ஒரு வைரஸ் கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது, அதை ஒடுக்கினால் போதும் என்றது அது. இன்டர்ஃபெரான் என்பது கிருமியை எதிர்க்க உடலே சுரக்கும் பொருள். அதில் காமா என்ற வகையை அமெரிக்காவில் 18 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதற்குப் பதில், ஏழு பேருக்கு மருந்து ஏறிக் கொண்டிருந்தபோதே புதிய தாக்குதல் வந்துவிட்டது. உடனே நிறுத்தினார்கள். 1987-ல் வெளிவந்த இந்தச் செய்தி ஒரு பெரிய பாடம்: "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து" இந்த வியாதிக்கு எரிகிற வீட்டில் ஊற்றும் எண்ணெய். சத்து மாத்திரை, லேகியம் என்ற பெயரில் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லி விற்பதையெல்லாம் வாங்குமுன் இந்த 18 பேரை நினைத்துக் கொள்வது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பத்துத் தம்பியான இன்டர்ஃபெரான் பீட்டா நேர் எதிராக வேலை செய்தது. தாக்குதல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 1993-ல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தபோது கேட்டவர் தொகைக்கு மருந்து போதவில்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தார்கள்!

அடுத்த மருந்தின் கதை இன்னும் விசித்திரம். இஸ்ரேலில் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னோன், ட்வோரா டைட்டல்பாம் என்ற மூவர், விலங்குகளுக்கு இந்த வியாதியை வரவழைப்பதற்காகவே மைலினைப் போன்ற ஒரு செயற்கைப் பொருளைச் செய்தார்கள். வியாதி வரவில்லை. மாறாக, வரவிருந்த வியாதியை அது தடுத்தது! கிளாட்டிராமர் என்ற பெயரில் 1996-ல் மருந்தாக வந்து, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

படையை மூளைக்குள் விடாமல் வாசலிலேயே தடுத்தால் என்ன என்று அடுத்து யோசித்தார்கள். நட்டாலிசுமாப் என்ற மருந்து அதைச் செய்தது, நன்றாகவே செய்தது. 2004 நவம்பரில் வந்தது. 2005 பிப்ரவரியில் கடையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காவலர் நுழையாத மூளையில், அதுவரை அடங்கிக் கிடந்த வேறொரு வைரஸ் தலைதூக்கிச் சிலரைக் கொன்றுவிட்டது. கண்காணிப்புக் கட்டுப்பாடுகளோடு 2006-ல் மீண்டும் அனுமதித்தார்கள்.

பழைய மருந்து, புதிய வேலை

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு மருந்து வந்தது. ரிட்டுக்சிமாப் என்பது 1997 முதல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து வந்த மருந்து. அது பி அணுக்களைத் தேடி அழிக்கும். டி அணுக்களில் பெரும்பாலானவற்றைத் தொடாது. டி அணுதான் குற்றவாளி என்றால் இந்த மருந்தால் பயன் இருக்கக் கூடாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 104 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. 2008-ல் முடிவு வெளியானது. 48 வாரத்துக்குள் புதிய தாக்குதல் வந்தவர்கள் வெறும் திரவம் ஏற்றியவர்களில் 40 சதவிகிதம். மருந்து ஏற்றியவர்களில் 20 சதவிகிதம். எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய அழற்சிப் புள்ளிகள் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டன.

டாக்டர்கள் அதிசயித்தது வேகத்தைக் கண்டு. பி அணு போனாலும், அது முன்பே தயாரித்து விட்ட அம்புகள் ரத்தத்தில் பல மாதம் இருக்கும். அவை இருந்தபடியே வியாதி அடங்கியது. அப்படியானால் பி அணுவின் குற்றம் அம்பு விடுவது அல்ல. டி அணுக்களைத் தூண்டிவிடுவது. அடித்தவன் ஒருவன், "அடி, விடாதே" என்று பின்னால் நின்று ஏவியவன் இன்னொருவன். ஏவியவனை அப்புறப்படுத்தியதும் கலகம் ஓய்ந்தது.

பி அணுவுக்குள்ளே யார்?

பழைய வைரஸ் கட்சியும் முழுத் தோல்வி அடையவில்லை. எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் எச்சில் வழியாகப் பரவுவது. உலகில் வயது வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இது வந்து போயிருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே, சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். ஆனால் அது முழுவதும் போவதில்லை. ஆயுள் முழுவதும் உடலுக்குள் குடியிருக்கிறது. எங்கே? அதே பி அணுக்களுக்குள்!

எல்லாரிடமும் இருக்கும் கிருமியைக் குற்றவாளி என்று எப்படி நிரூபிப்பது? அது இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு வியாதி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவம் தன் ஆட்களின் ரத்தத்தைக் குறித்த காலங்களில் எடுத்துச் சேமித்து வைக்கிறது. 20 ஆண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம். அதில் இந்த வியாதி வந்த 801 பேரின் பழைய ரத்தத்தை ஹார்வர்டு விஞ்ஞானிகள் பார்த்தார்கள். ஆரம்பத்தில் 35 பேரிடம் வைரஸ் இல்லை. அந்த 35 பேரில் 34 பேருக்கு, வியாதி தொடங்குமுன் வைரஸ் தொற்றிவிட்டிருந்தது. ஒரே ஒருவர் மட்டும் விலக்கு. தொற்றிய பிறகு வியாதி வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. 2022 ஜனவரியில் இது வெளியானது.

அதே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இன்னொரு துப்பும் தந்தார்கள். இந்த வைரஸின் ஒரு புரதத்தின் ஒரு பகுதியும் மூளையில் உள்ள ஒரு புரதத்தின் ஒரு பகுதியும் ஒத்திருக்கின்றன. ஆள் மாறாட்டம்! ஆட்டு மூளை ஊசியில் நடந்த அதே குழப்பம். ஆனால் வைரஸ் எல்லாரிடமும் இருந்தும் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட ஏன் வியாதி வருவதில்லை என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. பரம்பரைக் கூறு, வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி, புகைப் பழக்கம் எல்லாம் கணக்கில் சேருகின்றன.

விலைதான் வில்லன்

பி அணுவை அழித்தால் பயன் உண்டு என்று தெரிந்ததும், எல்லாரும் ரிட்டுக்சிமாப் மருந்தையே இந்த வியாதிக்குப் பதிவு செய்வார்கள் என்று நினைக்கலாம். நடந்தது வேறு. அதன் காப்புரிமை முடியும் காலம் நெருங்கிக் கொண்டிருந்தது. கம்பெனி அதே அணுவை அதே வழியில் அழிக்கும் புதிய மருந்தைச் சோதித்தது. ஆக்ரலிசுமாப் என்ற பெயரில் 2017-ல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. விலை வருஷத்துக்கு 65,000 டாலர்! பழைய மருந்தை இந்த வியாதிக்கென்று பதிவு செய்ய யாரும் விண்ணப்பிக்கவே இல்லை.

ஸ்வீடன் டாக்டர்கள் காத்திருக்கவில்லை. கையில் இருந்த பழைய மருந்தையே கொடுத்தார்கள். அந்த நாட்டில் இந்த வியாதிக்கு மிகுதியாகக் கொடுக்கும் மருந்தே அதுவாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து அதை ஒரு மாத்திரையோடு ஒப்பிட்டும் பார்த்தன. இரண்டு ஆண்டுகளில் தாக்குதல் வந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவிகிதம், ரிட்டுக்சிமாப் ஏற்றியவர்களில் 3 சதவிகிதம். 2022-ல் முடிவு வந்தது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த வியாதிக்கு முதன்முதலாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது. கிளாட்டிராமர், கிளாட்ரிபின் இரண்டோடு மூன்றாவது ரிட்டுக்சிமாப்.

இதில் இந்தியாவுக்குப் பெருமையான பங்கு உண்டு. ஐதராபாத்தில் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி 2007-லேயே இந்த மருந்தை ஒத்த மருந்தைச் செய்து, ஏறக்குறையப் பாதி விலைக்கு விற்கத் தொடங்கியது. பிறகு வேறு கம்பெனிகளும் வந்து விலை மேலும் இறங்கியது. இன்று இந்திய நரம்பு டாக்டர்கள் பலர் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை குளுகோஸ் ஏற்றுவது போல ஏற்றுவது. முன்னர் ஏழைகளுக்கு எழுதி வந்த அசத்தியோபிரின் மாத்திரை இதைவிடவும் மலிவு. ஆனால் பலனுக்குச் சாட்சி குறைவு.

மலிவு என்பதற்காகச் சாதாரண மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. முதல் முறை ஏற்றும்போது குளிரும் காய்ச்சலும் வரலாம். பழைய மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெப்படைட்டிஸ் பி உள்ளே பதுங்கியிருந்தால் விழித்தெழுந்து ஈரலைக் கெடுக்கும். ஆகவே அதற்கு ரத்தப் பரிசோதனை முதலில் செய்தாக வேண்டும். தொற்று நோய்கள் எளிதில் பிடிக்கும். தடுப்பூசி போட வேண்டியிருந்தால் மருந்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பின்னால் போட்டால் சரியாகப் பிடிக்காது.

தேனீயும் ரத்தக் குழாயும்

விலை அதிகமாக இருந்தால் வேறு வழி தேடுவது மனித சுபாவம். ஷார்கோ காலத்திலேயே தங்க உப்பு, வெள்ளி உப்பு, எட்டி விஷமான ஸ்டிரிக்னின் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள்.

தேனீயைக் கொட்ட விட்டால் குணமாகும் என்று ஒரு நம்பிக்கை மேல்நாடுகளில் உண்டு. நெதர்லாந்தில் 26 பேரிடம் ஒழுங்காகவே சோதித்தார்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 தேனீ வரை! 2005-ல் முடிவு வந்தது: ஒரு பலனும் இல்லை. அழுத்தக் கூண்டில் உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் முறை 1983-ல் வெகுவாகப் பேசப்பட்டது. பின்னர் பல இடங்களில் சோதித்ததில் அதுவும் நிலைக்கவில்லை.

இத்தாலியில் பாவ்லோ சம்போனி என்ற ரத்தக் குழாய் நிபுணரின் மனைவிக்கே இந்த வியாதி. கழுத்து ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதுதான் காரணம் என்று அவர் 2009-ல் அறிவித்தார். குழாயை விரிக்கும் சிகிச்சைக்கு உலகெங்கும் நோயாளிகள் ஓடினார்கள். தங்கள் நாட்டில் மறுக்கப்பட்ட கனடாக்காரர்கள் இந்தியாவுக்கே விமானம் ஏறி வந்து பணம் கட்டிச் செய்துகொண்டார்கள். சம்போனி நேர்மையான மனிதர். தானே முறையான சோதனை நடத்தி, பலன் இல்லை என்று 2017-ல் தானே வெளியிட்டார். இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்?

நால்ட்ரெக்சோன் என்பது அபின் பழக்கத்தை மாற்ற 1984-ல் வந்த மாத்திரை. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சாப்பிட்டால் இந்த வியாதி தணியும் என்று நோயாளிகளிடையே வாய்மொழியாகப் பரவியது. சிறு சோதனை ஒன்றில் மனத் தெம்பு சற்றுக் கூடியது; இன்னொன்றில் அதுவும் இல்லை. நரம்புறை உரிவதை அது தடுக்கிறது என்பதற்குச் சாட்சி கிடையாது.

பிறகு ஏன் எல்லாவற்றுக்கும், "எனக்குப் பலித்தது" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த வியாதியின் தாக்குதல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். தணியும் சமயத்தில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. தேனீ இருந்தால் தேனீக்கு, தாயத்து இருந்தால் தாயத்துக்கு. தாக்குதலின்போது டாக்டர் ஏற்றும் ஸ்டீராய்டு ஊசியும் தணிவதை விரைவாக்குமே தவிர, அடுத்த தாக்குதலைத் தடுக்காது. அடுத்தது வராமல் இருப்பதுதான் மருந்துக்குச் சோதனை. அதற்கு வருஷக் கணக்கில், மருந்து சாப்பிடாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் தம்பி வியாதிகள்

கடைசியாக, நம் நாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. கண்ணையும் தண்டுவடத்தையும் முக்கியமாகக் கடுமையாகத் தாக்கும் வேறு வியாதி ஒன்றும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பல காலம் இதையும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றே எழுதிக் கொடுத்தார்கள். 2004-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர்கள் இதற்கென்று தனி எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே குற்றவாளி உண்மையிலேயே அம்புதான். தாக்கப்படுவது மைலின் அல்ல, அதன் பக்கத்தில் உள்ள வேறு அணு. இன்டர்ஃபெரான் பீட்டாவோ, நட்டாலிசுமாப்போ, ஃபிங்கோலிமாட் மாத்திரையோ இவர்களுக்குக் கொடுத்தால் வியாதி முற்றும். ஆனால் ரிட்டுக்சிமாப் இரண்டுக்கும் கேட்கும்.

ஆகவே இரண்டு கண்ணும் ஒரே சமயம் மங்கினாலோ, இடைவிடாத விக்கலும் வாந்தியும் முன்னால் வந்திருந்தாலோ, தண்டுவடத்துப் படத்தில் நீளமான வீக்கம் தெரிந்தாலோ, விலை உயர்ந்த எந்த ஊசிக்கும் சம்மதிக்குமுன் அக்வாபோரின்-4, மாக் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களுக்கும் ரத்தம் சோதித்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் போதும்.